அத்தையின் கிரீம் பதின்மூன்று வயதுக்கு எதற்கு?

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு 44 வயது. நான்கு வருடமாக இரவில் முகத்துக்கு, சுருக்கத்தைக் குறைக்கும் ரெட்டினால் கிரீம் போடுகிறேன். குளியலறை அலமாரியில் அது எல்லோர் கைக்கும் எட்டுகிற தட்டில் இருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அண்ணன் மகள், வயது 13, ஐந்து நாள் ராத்திரி அதை எடுத்துப் போட்டிருக்கிறாள். கண்ணுக்குக் கீழே கோடு விழுந்துவிட்டதாம். நான் முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு எடுப்பேன். அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல அடித்திருக்கிறாள். ஆறாம் நாள் காலையில் மூக்கோரமும் வாயோரமும் சிவந்து, தோல் செதில் செதிலாக உரிந்து நின்றது. தண்ணீர் பட்டாலே எரிச்சல். "எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம் அத்தை, வீடியோல சொன்னாங்க" என்றாள், அழுதுகொண்டே.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்போது இதே நிலையில் இருந்தால் மற்றதைப் பிறகு படிக்கலாம். முதலில் எல்லாப் புட்டிகளையும் நிறுத்துங்கள், 'தோலை ஆற்றும்' என்று எழுதியிருக்கிற சீரம் உட்பட. வெறும் தண்ணீரில் முகம் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் போடுங்கள். உரிந்த இடங்களில் மெல்லிசாகப் பெட்ரோலியம் ஜெல்லி. தொங்கும் தோலைப் பிய்க்கக் கூடாது, எவ்வளவு கை அரித்தாலும். வீட்டில் யாருக்கோ எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பு மீதி இருக்கும், அதை எடுத்து முகத்தில் பூசிவிடாதீர்கள். அது வேறு வம்பு. முகம் வீங்கினாலோ, நீர்க்கொப்புளம் வந்தாலோ, ஒரு வாரத்தில் குறையாவிட்டாலோ தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள். எங்கள் பெண்ணுக்கு ஒன்பது நாளில் சரியானது.

அப்புறம்தான் அவளோடு உட்கார்ந்து பேச முடிந்தது. "நீங்க மட்டும் போடுறீங்களே?" என்பது அவளுடைய கேள்வி. நியாயமான கேள்வி. 'பெரியவங்க விஷயம்' என்று சொல்லி மழுப்பினால் மறுபடி திருட்டுத்தனமாகப் போடுவாள். அதனால் காரணத்தைச் சொன்னேன். தோலைத் தாங்கி நிறுத்தும் கொலாஜன் இருபதுகளிலிருந்து ஆண்டுக்குச் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. மேல்தோல் செல்கள் அடியில் பிறந்து மேலே வந்து உதிர்வதற்கு இளவயதில் ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். வயதாக ஆக இந்த ஓட்டம் மெதுவாகிறது. என் கிரீம் இந்த ஓட்டத்தை விரட்டுகிறது, கொலாஜன் உற்பத்தியைத் தட்டி எழுப்புகிறது. 13 வயதில் ஓட்டம் ஏற்கெனவே வேகம், கொலாஜன் நிறைய. ஓடுகிற குதிரைக்கு எதற்குச் சாட்டை? கிடைப்பதெல்லாம் பக்க விளைவுதான்: வறட்சி, உரிதல், எரிச்சல்.

இன்னொன்றும் உண்டு. இது எனக்கே பின்னால்தான் உறைத்தது. வாசனைப் பொருளாலோ கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளாலோ ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். சிறுவயதில் பத்துப் புட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசுவது, அந்தப் பத்துப் புட்டியிலும் உள்ள அத்தனை ரசாயனத்துக்கும் தோலை அறிமுகப்படுத்துவதுதான்.

சரி, அலமாரியை எப்படிப் பிரிப்பது? நாங்கள் செய்தது இது. அவளுடைய பை, என் தட்டு, இரண்டையும் கட்டிலில் கொட்டினோம். முன்பக்கத்து விளம்பர வாசகங்களைப் படிக்கக் கூடாது, பின்பக்கத்துப் பொடி எழுத்தை மட்டும் படிக்க வேண்டும் என்பது விதி. 'ரெட்டின்' என்று தொடங்கும் எந்தப் பெயரும் (ரெட்டினால், ரெட்டினல், ரெட்டினைல் பால்மிட்டேட்) ஒரே குடும்பம், என் பக்கம். கிளைகாலிக், லாக்டிக், மாண்டலிக் என்று அமிலங்கள் வந்தால் அவையும் என் பக்கம். இவை மேல்தோலை உரிப்பவை, வெயிலையும் தாங்கவிடாமல் செய்பவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இந்த அமிலங்கள் போடும் காலத்திலும் நிறுத்தி ஒரு வாரம் வரையிலும் சன்ஸ்கிரீன் போடச் சொல்கிறது. அடர்த்தியான வைட்டமின் சி சீரமும் என் பக்கமே. பெப்டைடு (புரதத் துணுக்கு) அவளைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது, ஆனால் அவளுக்கு அது எதற்கு? அதையும் நானே எடுத்துக்கொண்டேன் (கொஞ்சம் பேராசைதான்). ஈரத்தைக் காக்கும் கிளிசரின், செராமைடு, ஹயலூரானிக் அமிலம் எல்லாம் அவள் பக்கம். ஹயலூரானிக் என்பதில் அமிலம் என்ற சொல் இருப்பதைப் பார்த்து அதை என் பக்கம் தள்ளினாள். இல்லை கண்ணு, இது உரிக்காது, ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்று திருப்பித் தந்தேன். கடைசியில் எட்டுப் புட்டியில் அவளுக்கு மிஞ்சியது இரண்டு: ஒரு மென்மையான ஃபேஸ்வாஷ், ஒரு மாய்ஸ்சரைசர்.

மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது. அவளிடம் அது இல்லவே இல்லை. சன்ஸ்கிரீன்.

இவள் மட்டும் இப்படி என்று நினைத்தேன். இல்லை. பீடியாட்ரிக்ஸ் மருத்துவ இதழில் 2025-ல் வந்த ஓர் ஆய்வில், 7 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் டிக்டாக்கில் போட்ட 100 சருமப் பராமரிப்பு வீடியோக்களைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு முறைக்குச் சராசரியாக ஆறு பொருட்கள்; பகல் நேரத்துக்கான வழக்கங்களில் 26 சதவீதத்தில் மட்டும்தான் சன்ஸ்கிரீன் இருந்தது. சுருக்கத்துக்குப் பயந்து ஆறு புட்டி வாங்குகிறவர்கள், சுருக்கத்தைத் தள்ளிப்போடும் ஒரே புட்டியை விட்டுவிடுகிறார்கள்.

அவளை மசியவைத்தது ஒரு படம். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2012-ல் வெளியிட்டது, தேடினால் கிடைக்கும். 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டிய 69 வயதுக்காரரின் முகம். ஜன்னல் பக்கம் இருந்த இடது கன்னம் தடித்து, மடிப்பு மடிப்பாகத் தொங்குகிறது. வலது கன்னம் பத்திருபது வயது இளையவருடையது போல இருக்கிறது. ஒரே ஆள்தான். கண்ணாடி வழியாக வந்த புற ஊதா ஏ கதிரின் வேலை. படத்தை விரலால் பாதி மறைத்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அவள் நாலைந்து தடவை பார்த்தாள். ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை வைத்து நாலரை ஆண்டு நடத்தி 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் போட்டவர்களின் தோல் முதுமை அந்தக் காலத்தில் கண்ணுக்குத் தெரியும்படி அதிகரிக்கவே இல்லை. பதின்வயதுக்கு ஏற்ற 'ஆன்ட்டி ஏஜிங்' என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்றேன்.

சன்ஸ்கிரீனின் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 30 போதும். அது புற ஊதா பி கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 போட்டால் 98. இந்த ஒரு சதவீதத்துக்காகச் சண்டை வேண்டாம். ஆனால் 'பிராட் ஸ்பெக்ட்ரம்' என்று எழுதியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டுநரைப் பிடித்த ஏ கதிர் உள்ளே வந்துவிடும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். பெரும்பாலோர் இதில் கால்வாசி முதல் பாதி வரைதான் போடுகிறார்கள். வெளியே கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்னால் போட்டு, வெயிலிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. எரிச்சல் சுபாவமுள்ள தோலுக்கு ஜிங்க் ஆக்சைடு உள்ளது பொதுவாக ஒத்துக்கொள்ளும். வெள்ளையாகத் தெரியும், சிணுங்குவார்கள். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உள்பக்கத்தில் தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகலாம். இரண்டு புதிய பொருட்களை ஒரே வாரத்தில் தொடங்கினால் எது கடித்தது என்று தெரியாது.

"என் பிள்ளைக்கு மருத்துவரே ரெட்டினாய்டு எழுதித் தந்தாரே?" என்று கேட்பவர்கள் உண்டு. ரெட்டினாய்டு என்பது ரெட்டினால் குடும்பத்தின் பொதுப் பெயர். பருவுக்காக எழுதியிருப்பார், அது சரியான வைத்தியம். சொல்லப்போனால் கதை தலைகீழ். இந்தக் குடும்பத்து டிரெட்டினாயின் 1971-ல் அமெரிக்காவில் பரு மருந்தாகத்தான் அனுமதி பெற்றது. அதைப் போட்ட நடுவயதுப் பெண்கள் தோல் மிருதுவாவதாகச் சொல்லத் தொடங்கிய பிறகே சுருக்கத்தின் பக்கம் கவனம் போனது. அதே குடும்பத்து அடாபலீன் 0.1 சதவீத ஜெல் அங்கே 12 வயது முதல் பருவுக்குச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. ஆனாலும் அளவையும், வாரத்தில் எத்தனை நாள் என்பதையும் மருத்துவர் சொல்லித் தொடங்குவதே நல்லது. ஒரு சங்கதி: பென்சாயில் பெராக்சைடு என்ற பரு மருந்தை எழுதித் தந்தால் பழைய துண்டையும் தலையணை உறையையும் கொடுங்கள். சாயம் போய்விடும்.

பேச்சு எல்லாம் முடிந்தும் ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. அவள் சொன்ன அந்தக் கோடு. கைபேசிக் கேமராவைக் கிட்டே வைத்துக் காட்டினாள். இருக்கத்தான் செய்தது, இமைக்குக் கீழே, இரண்டு கண்ணிலும், வில் போல. இல்லவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. பழைய ஆல்பத்தை எடுத்து வந்தேன். அண்ணன் மடியில் இரண்டு வயதுக் குழந்தையாக அவள் உட்கார்ந்திருக்கிற படம் ஒன்று உண்டு. குழந்தையின் கண்ணுக்குக் கீழே அதே வில். அண்ணன் கண்ணுக்குக் கீழேயும்.

"அப்ப இது அப்பா கோடா?" என்றாள். அந்தப் படத்தை ஆல்பத்திலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போனவள், இன்னும் திருப்பித் தரவில்லை.