வெயிலில் உப்புநீரை வடிக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

ராமநாதபுரம் கடலோரத்தில் குடத்துக்கு விலை கொடுத்துத் தண்ணீர் வாங்கும் வீடுகளில் வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை. அந்த வெயிலைக் கொண்டு உப்புநீரைக் குடிநீராக்கும் வடிகலத்தை வீட்டிலேயே கட்டலாம். ஒரு கறுப்புத் தொட்டி, மேலே சாய்வாக ஒரு கண்ணாடி, அதன் கீழ்விளிம்பில் ஒரு வடிகால், அவ்வளவுதான். நீர் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் படிந்து வழியும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். சிலி நாட்டின் லாஸ் சாலினாஸில் 1872லேயே இதைப் பெரிய அளவில் அமைத்து நாளுக்கு 20,000 லிட்டருக்கு மேல் வடித்தார்கள். தத்துவத்தில் குறையில்லை. கட்டும்போதும் பராமரிக்கும்போதும்தான் கோட்டை விடுகிறோம்.

கட்டுவதற்கு முன்பே ஒரு குழப்பம் உண்டு: வேறு எளிய வழியிலும் உப்பு போய்விடும் என்று நினைப்பது. பாட்டிலில் நீரை அடைத்து வெயிலில் வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. கொதிக்க வைத்தால் உப்பு இன்னும் கூடும். தேற்றான்கொட்டை கலங்கலைத்தான் தெளிய வைக்கும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் அழுத்தமும் கடல்நீருக்குப் போதாது.

அடுத்தது பேராசைக் கணக்கு. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க, மின்கட்டணக் கணக்கில் சொன்னால், சுமார் 0.64 யூனிட் வெப்பம் வேண்டும். நம் ஊரில் நல்ல வெயில் நாளில் ஒரு சதுர மீட்டரில் விழுவது 5 முதல் 6 யூனிட். துளி வெப்பம்கூட வீணாகாவிட்டாலும் ஒன்பதரை லிட்டரைத் தாண்டாது. வீட்டில் கட்டியதில் 2 முதல் 4 லிட்டர் கிடைத்தாலே நல்ல வேலை. நாலு பேர் குடிக்கவும் சமைக்கவும் 10 லிட்டர் வேண்டுமென்றால் நாலு சதுர மீட்டராவது வேண்டும். சிறு பெட்டி ஒன்றைக் கட்டிவிட்டு ஏமாந்து மூலையில் போடாதீர்கள்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் பெரிய தவறு ஆவிக் கசிவை அலட்சியம் செய்வது. மயிரிழை இடைவெளி வழியாகப் பகல் முழுதும் ஆவி வெளியேறும். அது நம் கண்ணில் படாது. மூடிய பிறகு தொட்டிக்குள் சாம்பிராணிப் புகையை விட்டு, விளிம்பைச் சுற்றி மெதுவாகப் பார்த்து வாருங்கள். புகை எங்கே இழையாக எழுகிறதோ அங்கேதான் ஓட்டை. ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் மக்கு வெயிலில் காய்ந்து வெடித்துவிடும். சிலிகான் பசை நெடுநாள் நிற்கும். அதன் வாடை முழுதும் போன பிறகே நீரை ஊற்ற வேண்டும். நீர் ஊற்றும் குழாயைத் திறந்து விட்டாலும் ஆவி போய்விடும். வடிகாலுக்கு வாட்டம் போதாவிட்டால், வடிந்து தேங்கிய நீரே மறுபடி ஆவியாகிவிடும்.

நிறைய ஊற்றினால் நிறைய வரும் என்று நினைப்பதும் தவறு. ஆழம் கூடினால் சூடேறவே மதியமாகிவிடும். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் போதும். ஆனால் அடி காயக் கூடாது.

செலவைக் குறைக்கக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாளைக் கட்டுகிறார்கள். கண்ணாடியில் நீர் மெல்லிய படலமாக வழிந்து இறங்கும். சாதாரணத் தாளில் முத்து முத்தாக நின்று ஒளியைத் திருப்பியனுப்பும், கனத்ததும் தொட்டியிலேயே விழும். கண்ணாடியிலும் உட்புறத்தில் எண்ணெய்க் கை பட்டால் இதே கதிதான். சாய்வு 10 பாகைக்குக் குறையாமல் இருக்கட்டும்.

தொட்டிக்கான பொருளில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். துத்தநாகம் பூசிய தகரத்தைக் கடல்நீர் சீக்கிரமே அரித்துவிடும். சூட்டில் கடைப் பெயின்டின் கரைப்பான் வாடை ஆவியோடு சேர்ந்து குடிநீருக்குள் வந்துவிடும். ஈயம் கலந்த பெயின்டும் பற்றவைப்பும் அறவே கூடாது. உணவுத் தரமுள்ள கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்போ எவர்சில்வரோ நல்லது. அடியில் வெப்பம் காக்கத் தெர்மோகோல் வைத்தால், தொட்டி வறண்ட நாளில் உருகிச் சுருங்கும். உமியையோ தென்னை நார்க் கழிவையோ நனையாதபடி வைத்தால் போதும்.

பிறகு பராமரிப்பு. உப்பு வெள்ளையாகப் படிந்தால் கறுப்பு மறைந்து, வெயில் திரும்பிப் போய்விடும். தினமும் விடியற்காலையில் பழைய நீரை வெளியேற்றிவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். வெளியேற்றிய நீர் முன்னைவிட உப்பானது; அதைக் கிணற்றடியிலோ தென்னையடியிலோ விடாதீர்கள். கண்ணாடியின் வெளிப்புறத் தூசியையும் துடைக்க வேண்டும்.

எந்த நீரையும் வடிக்கலாம் என்று எண்ண வேண்டாம். உப்பும் ஃபுளோரைடும் நின்றுவிடும். மண்ணெண்ணெய், பெட்ரோல், சில பூச்சிமருந்துகள் ஆவியோடு கூடவே வரும். ஆலைக் கழிவு கலந்த கிணற்று நீரைத் தொடவே கூடாது. வடித்த நீரைத் திறந்த குடத்தில் வைத்தால் கிருமி திரும்பவும் சேரும். தாது உப்பில்லாத அந்த நீர் சப்பென்றிருக்கும்; நம்பகமான நல்ல நீர் கிடைத்தால் கொஞ்சம் கலந்துகொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிகலம் சோர்ந்துவிடும். அதற்காக அதைச் சாக்குப் போட்டு மூடிவைக்க வேண்டாம். கண்ணாடியின் வெளிவிளிம்பிலும் ஒரு வடிகால் பொருத்துங்கள்; முதல் மழை தூசியைக் கழுவிப் போகட்டும், அடுத்த மழையிலிருந்து பிடித்து, காய்ச்சிக் குடிக்கலாம்.