நரம்புச் சுருட்டல்: காலுறை மீது பழி போடும் முன்

நரம்புச் சுருட்டலுக்கு, அதாவது காலில் சிரைகள் புடைத்துச் சுருளும் வெரிகோஸ் வெயினுக்கு, சிகிச்சை பெறுபவர்களுக்கு அழுத்தக் காலுறை அளவெடுத்துக் கொடுப்பது என் வேலை. புதிதாகப் பயிற்சிக்கு வரும் செவிலியர்கள், எங்கள் தலைமுறை எப்போதோ செய்து வாங்கிக் கட்டிக்கொண்ட தவறுகளையே மறுபடியும் செய்கிறார்கள். நோயாளிகளைக் கேட்கவே வேண்டாம். நெடுநேரம் நிற்காதீர்கள், எடையைக் குறையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேல் விளிம்பை மடிப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் மூட்டுவது இதுதான். இந்தக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும், மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்யப்பட்டது. இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பும் குழாய்களான சிரைகளின் வால்வு பழுதாகிக் கீழே தேங்கும் இரத்தம் மேலேற உதவுவது அந்த வேறுபாடுதான். நீளமாக இருக்கிறதென்று முழங்காலுக்குக் கீழே மடித்துவிட்டால், மடிப்பில் இரண்டு அடுக்கு அழுத்தம் விழுகிறது. கயிறு போட்டுக் கட்டியதுபோல் இரத்தம் அதற்குக் கீழேயே நின்றுவிடும்.

ஓர் ஆசிரியை காலுறையை என் மேசைமேல் போட்டு, “இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாதம் முன்பைவிட வீங்குகிறது” என்றார். முழங்காலுக்குக் கீழே விரல் அகலத்துக்குச் சிவந்த பள்ளம். விற்றவர் செருப்பு அளவை மட்டும் கேட்டு, தொடை வரை வரும் ரகத்தைக் கொடுத்திருக்கிறார். மீதியை மடித்துக்கொள்ளச் சொன்னதும் அவரேதான்! காசும் போய், கால்வலியும் கூடி, சிகிச்சையின் மீதே நம்பிக்கை இழந்துவிட்டார் அந்த அம்மா.

அளவைக் காலையில், வீக்கம் ஏறும் முன் எடுக்க வேண்டும்: கணுக்காலின் ஒடுங்கிய இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், நீளம். மாலையில் எடுத்தால் வீக்கத்துக்கும் சேர்த்து அளந்ததாகிவிடும். அணிவதும் எழுந்தவுடனேதான். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு இழுத்தால் சுருக்கமில்லாமல் ஏறும். தினமும் அணிந்தால் 3 முதல் 6 மாதங்களில் பிடிப்புத் தளரும். அதன்பின் அது வெறும் காலுறை.

தமனியைச் சோதிக்காமல் கொடுப்பது

சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைப்பவர்களுக்கும் தமனியும், அதாவது காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாயும், அடைத்திருக்கலாம். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விகிதம் 0.5க்குக் கீழ் என்றால் அழுத்தக் காலுறை கூடவே கூடாது.

புண்ணுக்குக் களிம்பு மட்டும் பூசுவது

உள் கணுக்காலருகே ஆறாத புண்ணுக்குப் பெரும்பாலும் மூலம் சிரையில் இருக்கிறது. 2018இல் வெளியான எவ்ரா என்ற மருத்துவ ஆய்வில், அழுத்தக் கட்டோடு பழுதான சிரையையும் லேசர் போன்ற சிகிச்சையால் உடனே அடைத்துக்கொண்டவர்களில் பாதிப்பேருக்கு 56 நாட்களில் புண் ஆறியது; சிரைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அதற்கு 82 நாட்கள் ஆயின. களிம்பு மாற்றி மாற்றிப் பூசுகிறவர்களிடம் இதைச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

படுத்தபடியே ஸ்கேன்

இரத்தம் பின்னோக்கி ஒழுகுவது நிற்கும்போதுதான் சரியாகத் தெரியும்.

சிரை உடைந்து இரத்தம் பீறிட்டால் அதற்கு மேல்புறம் துணியால் இறுக்கிக் கட்டுவது

கட்டினால் இன்னும் பெருகும். படுத்து, காலை உயர்த்தி, அந்த இடத்தை 10 நிமிடம் விடாமல் அழுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சிரையை லேசரால் அடைத்தபின் படுத்தே கிடப்பது

அன்றே எழுந்து நடக்க வேண்டும்.