போஸ்டிங்கும் வேலையும்: காரைக்குடி வட்டாரத்து மருத்துவ உதவியாளர்களுக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பள்ளத்தூர்ப் பக்கத்துச் சின்ன மருத்துவமனைகளில் ஆள் எடுப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். பயோடேட்டாவைப் புரட்டுவதற்கு முன்பே, நீங்கள் போஸ்டிங் (படிப்போடு சேர்ந்த மருத்துவமனைப் பயிற்சி) பார்த்த இடத்துக்குப் போன் போட்டு “அந்தப் பிள்ளை எப்படி?” என்று கேட்டுவிடுவார்கள். அதனால் போஸ்டிங் முடியட்டும், அப்புறம் வேலை தேடலாம் என்று இருக்க வேண்டாம். முதல் நாள் வார்டுக்குள் கால் வைக்கும்போதே உங்களை எடை போட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

போவதற்கு முன்

முதல் வேலை ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று டோஸ்: முதல் டோஸ், அதிலிருந்து ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. போஸ்டிங் தேதி வந்தபிறகு ஓடினால் இரண்டாவதுக்கே நேரம் இருக்காது. படிப்பில் சேர்ந்த வாரமே தொடங்கிவிடுங்கள். மூன்றாவது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்பொருள்) அளவு பார்த்தால் 10 mIU/mL-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த ரிப்போர்ட்டைத் தொலைக்காதீர்கள், வேலையில் சேரும்போது கேட்கும் இடங்கள் உண்டு.

பையில் விநாடி முள் உள்ள வாட்ச், பாக்கெட் நோட்டு, இரண்டு பேனா, அடையாள அட்டை போதும். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். மோதிரம், வளையல் வேண்டாம். மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறும் கை கழுவும்போது நனைந்து அழுக்கைப் பிடித்துவைக்கும். கழற்ற மனமில்லை என்றால் அவிழ்த்து மேல்கையில் கட்டிக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டுக் கழுவ 40 முதல் 60 விநாடி, கை தேய்க்கும் திரவம் என்றால் 20 முதல் 30 விநாடி. கட்டைவிரலையும் விரல் நுனியையும்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

பி.பி. பார்ப்பது

இது தெரியாதவர் யார் என்று நினைப்பீர்கள். அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். பஸ் ஸ்டாண்டிலிருந்து வெயிலில் நடந்து வந்தவரை உட்கார்ந்த கையோடு பட்டை சுற்றினால் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வையுங்கள். அரை மணி நேரத்துக்குள் காபி குடித்தாரா, பீடி சிகரெட் பிடித்தாரா என்று கேளுங்கள். முதுகு சாய்ந்திருக்கணும், கால் மேல் கால் போடக்கூடாது, பாதம் தரையில் படணும். கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கணும். கையைத் தொங்கவிட்டால் அளவு ஏறும்.

பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைச் சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பி.பி. இருப்பதாகக் காட்டும். மெலிந்த ஆச்சியின் கைக்குப் பெரிய பட்டை போட்டால் இருப்பதைக் குறைத்துக் காட்டும். சட்டைக் கைக்கு மேலே சுற்ற வேண்டாம். மணிக்கட்டு நாடியில் விரல் வைத்துக்கொண்டே காற்றடித்து, துடிப்பு நிற்கும் இடத்துக்கு மேல் இன்னும் 30 ஏற்றுங்கள். பிறகு விநாடிக்கு 2 என்ற கணக்கில் மெதுவாக இறக்குங்கள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்க வேண்டிய சத்தம் தவறிவிட்டதா? பாதியில் திரும்பக் காற்றடிக்காதீர்கள். முழுக்க இறக்கி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி பாருங்கள். டயாலிசிஸ் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கை, மார்பக அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கை இரண்டிலும் பட்டை சுற்றக்கூடாது.

கேட்ட எண்ணை அப்படியே எழுதுங்கள், 138/84 என்றால் 138/84. பக்கம் முழுக்க 120/80, 130/80 என்று அழகாக இருக்கும் நோட்டைப் பார்த்த மாத்திரத்தில் டாக்டருக்கு விஷயம் புரிந்துவிடும்.

ரத்தம் எடுக்கும் இடத்தில்

நீங்களே ஊசி குத்தாவிட்டாலும் டியூப் எடுத்துக் கொடுப்பது, பெயர் ஒட்டுவது, நோயாளியிடம் கேட்பது எல்லாம் உங்கள் தலையில்தான். வெறும் வயிற்று சர்க்கரைக்கு எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது, தண்ணீர் பரவாயில்லை. “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால் “இல்லையே” என்பார்கள்; விடிகாலை ஆறு மணிக்கு டிகாஷன் காபி உள்ளே போயிருக்கும். காபி இங்கே சாப்பாட்டுக் கணக்கில் வராது. “ஆச்சி, காலையில இருந்து காபி, டீ, வெத்தலை எதுவும் வாயில படலையே?” என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சாப்பிட்டபின் எடுக்கும் சர்க்கரைக்கு, முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம். சாப்பிட்டு முடித்த நேரத்திலிருந்து எண்ணக்கூடாது.

டியூப் வரிசை: நீல மூடி, பிறகு சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். வரிசை மாறினால் என்ன ஆகிவிடும் என்றால், ஊதா மூடி டியூபில் ரத்தம் உறையாமல் இருக்கப் போட்டிருக்கும் இ.டி.டி.ஏ. மருந்தில் பொட்டாசியம் இருக்கிறது. அது அடுத்த டியூபில் ஒட்டிக்கொண்டு போனால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். நீல மூடியில் கோடு வரை ரத்தம் வந்தாக வேண்டும். மருந்து ஒன்று, ரத்தம் ஒன்பது என்ற விகிதம் கெட்டால் உறைதல் நேரம் நீண்டு காட்டும். ஊதா டியூபை எட்டுப் பத்துத் தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் ரத்த அணு உடைந்து சாம்பிள் வீண். கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்க வேண்டாம், முஷ்டியை மூடி மூடித் திறக்கச் சொல்லவும் வேண்டாம்.

பெயர் விஷயத்தில் இந்த ஊருக்கென்றே ஒரு கண்ணி உண்டு. ஐயா பெயரைப் பேரனுக்கும் ஆயா பெயரைப் பேத்திக்கும் வைக்கும் வழக்கத்தால், ஒரே வீட்டிலேயே இரண்டு மெய்யப்பன், இரண்டு வள்ளியம்மை இருப்பார்கள். ஓ.பி. (புறநோயாளி) வரிசையில் கேட்கவே வேண்டாம். “வள்ளியம்மையா?” என்று நீங்கள் கேட்டால் காது மந்தமானவர் எதற்கும் தலையாட்டுவார். “உங்க பேர் சொல்லுங்க, வயசு சொல்லுங்க” என்று அவர் வாயாலேயே வரவழையுங்கள். ஓ.பி. எண்ணையும் வயதையும் சேர்த்து, ரத்தம் எடுத்தவுடன் அவர் முன்னாலேயே டியூபில் ஒட்டுங்கள். நாலு பேருக்கு எடுத்துவிட்டு மேசையில் உட்கார்ந்து ஒட்டும் பழக்கத்தில்தான் ரிப்போர்ட் மாறிப்போகிறது.

ஊசி குத்திவிட்டால்

பயன்படுத்திய ஊசிக்கு மூடி போடாதீர்கள். பலருக்கு அப்போதுதான் குத்துகிறது. ஊசியும் பிளேடும் துளைபடாத வெள்ளை டப்பாவுக்கு. ஊசி நீக்கிய சிரிஞ்சு, கையுறை, டிரிப் செட் சிவப்புக்கு. ரத்தம் படிந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சளுக்கு. கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. குத்திவிட்டால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போதும். பிதுக்க வேண்டாம், வாயில் வைக்கவே வேண்டாம். உடனே பொறுப்பு சிஸ்டரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் சாப்பிட வேண்டியிருக்கும். திட்டுவார்களே என்று மறைப்பதுதான் ஆபத்து.

“சிஸ்டர் பிஸியா இருக்காங்க, இந்த ஊசியை நீயே போட்டுடு” என்று யாராவது சொல்வார்கள். “பக்கத்துல நில்லுங்க அக்கா, போடுறேன்” என்பது நல்ல பதில். யாரும் நிற்கவில்லை என்றால் போடாதீர்கள். அதேபோல, சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ பிள்ளைகள் போன் செய்து அம்மாவின் ரிசல்ட் கேட்டால், டாக்டரிடம் கொடுப்பதோடு உங்கள் வேலை முடிந்தது. வார்டுக்குள் போட்டோ, ரீல்ஸ் கிடையாது.

லாக் புக்கில் (போஸ்டிங்கில் செய்த வேலைகளைக் குறிக்கும் நோட்டு) அன்றன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். மாதக் கடைசியில் போனால் சிஸ்டர் டியூட்டி மாறியிருப்பார். தேதி, செய்த வேலை, மேற்பார்த்தவர் பெயர் எழுதினால் போதும். நோயாளி பெயர் வேண்டாம்.

வேலை தேடும்போது

பயோடேட்டா ஒரு பக்கம். “நோயாளி பராமரிப்பில் ஆர்வம்” என்ற வரியால் ஒரு பயனும் இல்லை. “ஈ.சி.ஜி. 60, ரத்த சாம்பிள் 150, மேற்பார்வையில்” என்பது போல உங்கள் லாக் புக் கணக்கை எழுதுங்கள். ஆதாரில் இனிஷியல் விரிந்தும் மார்க் ஷீட்டில் சுருங்கியும் இருந்தால் இப்போதே சரிசெய்துவிடுங்கள், அரசு வேலையில் சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் அது பெரிய தலைவலி.

காலை ஓ.பி. நேரத்தில் செக்காலை ரோடு கிளினிக்கில் போய் நின்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். மதியம் மூன்று மணிவாக்கில் போங்கள். கேட்க வேண்டிய முதல் கேள்வி டியூட்டி நேரம். காலையும் மாலையும் ஓ.பி., நடுவில் சும்மா என்ற இடங்களில், கண்டனூர், புதுவயல் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இரவு வீடு திரும்பப் பஸ் கிடைக்குமா என்பதுதான் சம்பளத்தைவிடப் பெரிய கேள்வி. வயதானவர்கள் தனியாக இருக்கும் பெரிய வீடுகளில் பராமரிப்பு வேலையும் இருக்கிறது. தங்குமிடம், வார விடுப்பு, சமையலும் உங்கள் வேலையா என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அரசு நிரந்தரப் பணிகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். ஒப்பந்தப் பணிகளை மாவட்ட நலவாழ்வுச் சங்கம் அறிவிக்கும். செட்டிநாட்டு ஊர்களில் சில புதுக்கோட்டை மாவட்டத்தில் இருப்பதால், சிவகங்கையோடு அந்த மாவட்ட இணையதளத்தையும் பாருங்கள். அறிவிப்பில் கல்வித் தகுதி வரியை எழுத்தெண்ணிப் படியுங்கள். சான்றிதழ் கொடுத்த நிறுவனத்துக்கு அவர்கள் கேட்கும் அங்கீகாரம் இல்லாவிட்டால் விண்ணப்பம் நிற்காது. வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

சேரும் இடத்தில் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்த்து, உங்கள் மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) உண்டா என்று கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள், நகல் மட்டும் அங்கே இருக்கட்டும்.