டார்ஜிலிங் போய் கஞ்சன்ஜங்காவைப் பார்க்காமல் திரும்புவது எப்படி

போன நவம்பரில் டார்ஜிலிங் ஊர் நடுவே இருக்கும் சதுக்கமான சௌரஸ்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் தமிழ்க்குரல். திருப்பூரிலிருந்து வந்த குடும்பம். "இவ்வளவு தூரம் வந்தும் மலையே தெரியலைங்க. நேத்து ராத்திரி 3 மணிக்கு எழுந்து டைகர் ஹில் போனோம், ஒரே மூட்டம். அந்த அலுப்புல இன்னிக்கு எட்டு மணி வரைக்கும் தூங்கிட்டோம்" என்றார் அந்த அம்மா. அன்று காலை 6 மணிக்கு, அந்த பெஞ்சிலிருந்து பத்து நிமிட நடையில், கஞ்சன்ஜங்காவை ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் நான் வந்து உட்கார்ந்திருந்தேன். அதை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. முதல் தடவை நானும் அச்சு அசலாக இதையேதான் செய்தேன்.

ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள், வாந்தி மாத்திரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதையெல்லாம் உங்கள் சித்தப்பாவே சொல்லிவிடுவார். அதை விட்டுவிட்டு, நாம் அங்கே போய்ச் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டைகர் ஹில்லை முதல் நாள் காலையிலேயே வைப்பது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான். இரண்டு இரவு பேக்கேஜ். முதல் நாள் மாலை ஊருக்கு வந்து சேர்வது, மறுநாள் விடியலில் சூரிய உதயம் பார்க்க டைகர் ஹில், அதற்கடுத்த நாள் காலை கிளம்புவது. மலையடிவாரத்துச் சிலிகுரியில் விற்கிற பாதிப் பேக்கேஜ்கள் இப்படித்தான் இருக்கும். மலை என்னவோ பேக்கேஜைப் பார்த்து வெளியே வருவது மாதிரி.

நாங்கள் போனபோது இரண்டு ராத்திரி ரயில், அப்புறம் வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதை. அறைக்குள் நுழையும்போது இரவு எட்டு. விடிய மூன்றரைக்கு டிரைவர் கதவைத் தட்டினார். டைகர் ஹில் ஊரிலிருந்து 11 கி.மீ., உயரம் சுமார் 2,590 மீட்டர். கீழேயே ஜீப்கள் வரிசை கட்டி நின்றுவிட்டதால், கடைசி ஏற்றத்தை அம்மாவைக் கைப்பிடித்து நடத்திக்கொண்டு ஏறினோம். மேலே நூற்றுக்கணக்கான தலைகள். அவற்றுக்கு அப்பால் வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தது மாதிரி மேகம். அரை மணி நேரம் நின்றோம். அவ்வளவுதான்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அந்த அலுப்பில் மறுநாள் எட்டரை வரை தூங்கினோம். டீ வாங்கக் கீழே இறங்கினால் கடைக்காரப் பெண்மணி கேட்கிறார்: "மலையைப் பார்த்தீர்களா? ஏழு மணி வரைக்கும் சுத்தமாகத் தெரிந்ததே!" நான் வடக்கே திரும்பிப் பார்த்தேன். பள்ளத்தாக்கிலிருந்து மேகம் எழும்பி மூடிவிட்டிருந்தது. பத்து மணிக்கு எங்கள் ஜீப் கிளம்பியது.

எனக்கு அப்போது தெரியாதது இதுதான்: கஞ்சன்ஜங்காவைப் பார்க்க டைகர் ஹில் போகவே வேண்டாம். 8,586 மீட்டர் உயரம், உலகத்திலேயே மூன்றாவது பெரிய சிகரம், ஊருக்கு நேர் வடக்கே சுமார் 75 கி.மீ. தூரத்தில் நிற்கிறது. சௌரஸ்தாவிலிருந்து அப்சர்வேட்டரி ஹில்லைச் சுற்றிப் போகும் மால் ரோட்டில் நடந்தாலே போதும். காசு கிடையாது, ஜீப் கிடையாது. நடைப்பயிற்சிக்கு வரும் உள்ளூர்ப் பெரியவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்கள்.

ஆகவே மூன்று இரவாவது தங்குங்கள். முதல் விடியலில் மால் ரோட்டில் நடந்து வானம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேகமில்லாமல் தெளிந்து கிடந்தால் மறுநாளைக்கு டைகர் ஹில் ஜீப் பேசிக்கொள்ளலாம். எழுந்ததும் தலைக்கு மேலே நட்சத்திரம் தெரிகிறதே என்று குதிக்க வேண்டாம், அடிவானத்தில் மேகம் படுத்திருக்கலாம். மாதமும் முக்கியம். நம் ஊர்ப் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதால் பெரும்பாலோர் அப்போதுதான் போகிறோம். மே மாதத்தில் புகைமூட்டமும் மேகமும் அதிகம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அக்டோபர் பின்பாதியிலிருந்து டிசம்பர் வரைதான் மலை தாராளமாகத் தெரியும்.

கிழக்கைப் பார்த்தே நிற்பது

சரி, டைகர் ஹில்லில் வானம் திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கூட்டம் முழுக்கச் சூரியனுக்காகக் கிழக்கே செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கும். உண்மையான காட்சி உங்கள் இடதுபக்கம் நடக்கிறது. சூரியன் நம் கண்ணுக்கு எட்டுவதற்கு முன்பே கஞ்சன்ஜங்காவின் உச்சிக்கு எட்டிவிடும். முதலில் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு, பிறகு அது மெல்லக் கீழே வழியும், அப்புறம் பொன்னிறம். சூரியன் வெளியே வந்து எல்லோரும் கைதட்டும்போது அதில் பாதி முடிந்திருக்கும்.

இன்னொன்று. "அதோ எவரெஸ்ட்!" என்று பெரிய மலையைக் காட்டுகிறவரை நம்பாதீர்கள். எவரெஸ்ட் வடமேற்கில் வெகு தொலைவில் சின்ன முனையாகத்தான் தெரியும். அருகில் இருப்பதால் மகாலு என்ற சிகரம் அதைவிடப் பெரிதாகத் தோன்றும்.

வரைபடத்தில் "300 மீட்டர்" என்று பார்த்து ஓட்டல் எடுப்பது

டார்ஜிலிங் மலைமுகட்டில் தொங்கும் ஊர். அந்த 300 மீட்டர் முழுவதும் படிக்கட்டாக இருக்கலாம். சௌரஸ்தாவுக்குள் வண்டி வராது. ஒருமுறை முழங்கால் வலியுள்ள மாமியாரையும் நான்கு பெட்டிகளையும் இருட்டில் மேலே ஏற்றினேன். அந்தப் பயணம் முடியும்வரை அவர் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஓட்டலுக்குப் போன் போட்டு, "வாசல் வரை வண்டி வருமா, எத்தனை படி?" என்று கேளுங்கள். "பக்கம்தான்" என்று பதில் வந்தால் இன்னொரு தடவை கேளுங்கள்.

வியாழக்கிழமை

உயிரியல் பூங்காவுக்கு விடுமுறை. சிவப்புப் பாண்டா, பனிச்சிறுத்தை மட்டுமல்ல, எவரெஸ்ட் ஏறிய டென்சிங் நோர்கே பணியாற்றிய மலையேற்றப் பயிற்சி நிறுவனமும் அதே வளாகத்துக்குள்தான். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரே நாளில் ஏழு இடங்களைச் சுற்றிக் காட்டும் "ஏழு பாயிண்ட்" வண்டியில் போனால் முக்கால் மணி நேரத்தில் ஹாரன் அடிப்பார்கள்.

சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். நம் ஊர்க் கணக்கு அங்கே செல்லாது.

சிக்கிம் தலைநகர் கேங்டாக்கையும் அதே மூன்று நாளுக்குள் சேர்ப்பது

வேண்டாம்.

பொம்மை ரயிலை வாகனமாக நினைப்பது

1881இல் முடிந்த பாதை, இரண்டடி அகலத் தண்டவாளம், 1999இல் உலகப் பாரம்பரியச் சின்னம். நம் ஊட்டி ரயில் 2005இல் அதே பட்டியலில் சேர்ந்தது. ஊட்டி ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறும். இதற்கு அது கிடையாது, வளையமாகச் சுற்றியும் முன்னும் பின்னுமாகப் போயுமே ஏறிவிடுகிறது. இதையெல்லாம் படித்துவிட்டு அடிவாரத்து நியூ ஜல்பாய்குரியிலிருந்தே குழந்தைகளோடு ஏறினேன். 88 கி.மீ. தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு பகல். மூன்றாவது மணி நேரத்திலேயே சின்னவன், "பக்கத்துல சைக்கிள்ல போறவரு நம்மள முந்திட்டாரு" என்றான். டார்ஜிலிங்கிலிருந்து கூம் போய்த் திரும்பும் இரண்டு மணி நேரச் சவாரியே போதும். தண்டவாளம் வளையமாகச் சுற்றும் பதாசியா லூப்பில் நிற்கும், இந்தியாவின் மிக உயரமான ரயில் நிலையமான கூமையும் (2,258 மீட்டர்) பார்த்துவிடலாம். டிக்கெட்டை ஊரிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

தேயிலை

ஜனவரியில் போய், "எங்கே கொழுந்து பறிக்கிறவங்க?" என்று தேடாதீர்கள். குளிர்காலத்தில் செடியைக் கவாத்து செய்து விட்டிருப்பார்கள். பறிப்பு மார்ச்சில்தான் தொடங்கும். அந்த முதல் பறிப்புத் தேயிலைக்கு விலையும் அதிகம், மணமும் தனி.

அதில் நூறு கிராம் வாங்கி வந்து, வழக்கம்போல் பாலில் போட்டு நன்றாகக் கொதிக்கவிட்டு அம்மாவுக்குக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, "பால் கெட்டுப்போச்சா?" என்றார். கொதித்து இறக்கிய வெந்நீரில் மூன்று நிமிடம் ஊறவைத்து, பால் சேர்க்காமல் குடிக்க வேண்டும் என்று பிறகு கற்றுக்கொண்டேன். அம்மா கற்றுக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் அவருக்கென்று சிலிகுரியில் இறங்கி ஒரு கிலோ அசாம் தூள் வாங்கிக்கொள்கிறேன்.