பெரிஸ்கோப் கோடும் ஒரு ஸ்டாப்வாட்சும்

நீர்மூழ்கி விளையாட்டில் இலக்குக் கப்பலின் வேகம் தெரிய வேண்டுமா? உங்கள் படகை நிறுத்திவிட்டு, பெரிஸ்கோப்பைக் கப்பலுக்குச் சற்று முன்னால் திருப்பி அசையாமல் வையுங்கள். கப்பலின் மூக்கு பெரிஸ்கோப்பில் தெரியும் செங்குத்துக் கோட்டைத் தொட்டதும் ஸ்டாப்வாட்சை அழுத்தி, வால் கடந்ததும் நிறுத்துங்கள். எந்த வகைக் கப்பல் என்று அடையாளம் கண்டு, அதன் நீளத்தை (மீட்டரில்) விநாடிகளால் வகுத்து 1.94-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்று) வேகம் வந்துவிடும். 135 மீட்டர் லிபர்ட்டி கப்பல் (இரண்டாம் உலகப்போர்க் கால அமெரிக்கச் சரக்குக் கப்பல்) 27 விநாடியில் கடந்தால், விநாடிக்கு 5 மீட்டர், அதாவது 9.7 நாட். (அந்த வகைக் கப்பலின் ஓட்டமே 11 நாட்தான். 15 என்று வந்தால் கப்பலைத் தப்பாக அடையாளம் கண்டிருக்கிறீர்கள்.)

கோடு அசையாதவரை, அதைக் கடக்க கப்பல் தன் முழு நீளத்தையும் ஓடியாக வேண்டும். அதனால் தூரமும் வேண்டாம், கோணமும் வேண்டாம். தர்மபுரி மாவட்டத்து மொரப்பூரில் நிற்காமல் போகும் ரயிலை ஒரு பிளாட்பாரத் தூணை வைத்து அளப்பதும் இதே கணக்குதான். தர்மபுரிக்காரர்களுக்குக் கடல் இல்லாவிட்டால் என்ன!

உங்கள் படகு பக்கவாட்டில் நகர்ந்தாலோ திரும்பினாலோ இது பலிக்காது. பெரிஸ்கோப் நேர் முன்னால் பார்த்தபடி, படகும் அதே திசையில் நேராகப் போனால் பரவாயில்லை. கப்பல் வளைந்து வளைந்து போனாலும், கிட்டத்தட்ட உங்களை நோக்கியே வந்தாலும் விடை தப்பும். அப்புறம், கைப்பேசி ஸ்டாப்வாட்ச் என்றால் விளையாட்டின் நேர வேகத்தை ஒன்றுக்கு, அதாவது நிஜ நேரத்துக்கு, குறைத்துவிடுங்கள்.