சங்குப்பூச் சாறு போதும்: அமிலம், காரம், உப்பை வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ள

வேதியியலை வரையறையில் தொடங்கினால் பாதிப் பேர் இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள். "நீரில் ஹைட்ரஜன் அயனிகளைத் தருவது அமிலம்" என்பது சரிதான். ஆனால் எதைப் பார்த்து அதை நம்புவது? நாம் முதலில் நிறம் மாறுவதைப் பார்ப்போம். பெயர்கள் வழியில் தானாக வரட்டும்.

வேண்டியவை: கருநீலச் சங்குப்பூ ஒரு கைப்பிடி (வெள்ளைச் சங்கு உதவாது), நிறமில்லாத கண்ணாடி டம்ளர்கள், எலுமிச்சை, வினிகர், ஆப்பசோடா, துணி சோப்பு, சர்க்கரை, உப்பு, மஞ்சள்தூள், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு. சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கட்டும், ரோஸ் நிறத்தில் விற்பது வேண்டாம். கழிவறை ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டையும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். அவை ஒன்றோடொன்று கலந்தால் குளோரின் வாயு வரும், அது நுரையீரலைப் புண்ணாக்கும்.

படி 1: சாறு எடுப்பது

பூக்களின் காம்பை நீக்கி, ஒரு டம்ளர் கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். கிடைக்கும் நீலச் சாறுதான் நம்முடைய நிறங்காட்டி. பூவில் உள்ள ஆந்தோசயனின் என்னும் நிறமி, ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டும்போதும் பிரியும்போதும் தன் மூலக்கூறு அமைப்பை மாற்றிக்கொள்ளும். அமைப்பு மாறினால் நிறமும் மாறும்.

படி 2: ஒன்றும் நடக்காத டம்ளர்கள்

இதைப் பலர் தாண்டிப் போய்விடுவார்கள், தாண்டாதீர்கள். மூன்று டம்ளர்களில் வடிகட்டிய குடிநீர் ஊற்றி, ஒன்றில் சர்க்கரையையும் இன்னொன்றில் உப்பையும் கரையுங்கள். மூன்றிலும் ஒரு கரண்டி சாறு விடுங்கள். மூன்றுமே நீலமாக நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க இவை கடைசிவரை மேசையில் இருக்கட்டும்.

இங்கே தண்ணீர் கரைப்பான், சர்க்கரை கரைபொருள், இரண்டும் சேர்ந்தது கரைசல். சர்க்கரை முழு மூலக்கூறாகவே கரைகிறது. உப்போ சோடியம் அயனி, குளோரைடு அயனி என்று பிரிந்து கரைகிறது. அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுக்கூட்டம், அவ்வளவுதான்.

படி 3: அமிலம்

புது டம்ளரில் தண்ணீரும் சாறும் எடுத்து, எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலம் ஊதாவாகும், மேலும் விட்டால் இளஞ்சிவப்பு கலந்து வரும். வினிகரும் அதே பக்கம்தான் இழுக்கும். எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், வினிகரில் அசிட்டிக் அமிலம், தயிரில் லாக்டிக் அமிலம், புளியில் டார்டாரிக் அமிலம். நாக்கில் புளிப்பு என்று நாம் உணர்வது பெரும்பாலும் இந்த ஹைட்ரஜன் அயனிகளைத்தான்.

படி 4: காரம்

இங்கே காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று அதைச் சமன்செய்யும் பொருள். ஆப்பசோடா என்பது சோடியம் பைகார்பனேட், மென்மையான காரத்தன்மை கொண்டது. அதில் நீலம் லேசாகத்தான் பச்சைப் பக்கம் சாயும். சோப்புத் தண்ணீரில் பச்சை தெளிவாகத் தெரியும்.

அடுத்தது சுண்ணாம்பு. குண்டுமணி அளவு எடுத்து ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, அடியில் படியும்வரை விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் மெதுவாக ஊற்றி எடுங்கள். இதுதான் தெளிந்த சுண்ணாம்பு நீர். சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, லிட்டருக்கு 2 கிராம்கூடக் கரையாது. ஆனாலும் இது வலுவான காரம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், சிறுவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இதில் கொஞ்சம் எடுத்துச் சாறு விட்டால் பச்சையாகி, நேரம் போகப் போக மஞ்சளாகும்.

நிறம் காட்டும் அமில, காரத் தன்மையை எண்ணால் சொல்வதற்கு பி.எச். அளவுகோல். 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் வேதியியலாளர் சோரன்சன் வகுத்தது. தூய நீர் 7, எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2, ஆப்பசோடாக் கரைசல் 8ஐ ஒட்டி, சுண்ணாம்பு நீர் 12ஐத் தாண்டும். ஒரு எண் குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்கு கூடிவிட்டது என்று பொருள். 2க்கும் 4க்கும் இடையில் நூறு மடங்கு!

படி 5: இரண்டையும் மோதவிடுவது

பச்சையாக இருக்கும் டம்ளரில், மஞ்சளாக மாறுவதற்குள், எலுமிச்சையைச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். பச்சை நீலத்துக்குத் திரும்பும், இன்னும் விட்டால் ஊதாவாகும். நீலத்தில் நிறுத்த முயன்று பாருங்கள், பொறுமைக்கு நல்ல சோதனை. இதற்கு நடுநிலையாக்கல் என்று பெயர். அமிலமும் காரமும் சேர்ந்து உப்பும் நீரும் உண்டாகின்றன. வேதியியலில் உப்பு என்பது ஒரு குடும்பப் பெயர். இங்கே உண்டானது கால்சியம் சிட்ரேட், சமையல் உப்பு அந்தக் குடும்பத்தில் இன்னொன்று.

படி 6: மூச்சைச் சோதிப்பது

எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். சாறு கலக்காத தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்டிரா வைத்து ஊதுங்கள். தவறியும் உறிஞ்சக் கூடாது, கண்ணாடி அணிந்துகொண்டு பெரியவர்களே ஊதுவது நல்லது. சற்று நேரத்தில் நீர் பால் போலாகும். நாம் விடும் மூச்சில் ஏறக்குறைய 4 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு. அது சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட்டாகிறது. இப்படிக் கரைசலிலிருந்து பிரிந்து நிற்கும் திடப்பொருளை வீழ்படிவு என்பார்கள். சுவரில் அடித்த வெள்ளை இறுகுவதும் இதே வினையால்தான், அங்கே காற்றே ஊதுகிறது.

நிறுத்தாமல் வெகுநேரம் ஊதினால் பால் நிறம் மறுபடி தெளியத் தொடங்கும். கார்பனேட் இப்போது கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாகிவிட்டது. போர்த் தண்ணீரின் உப்பில் பெரும்பங்கு பல ஊர்களில் இதுதான். கொதிக்கவைத்தால் வினை திரும்பி நடக்கும், பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகக் காறை பிடிக்கும். எலுமிச்சையோ வினிகரோ ஊற்றித் தேய்த்தால் அந்தக் காறை நுரைத்துக்கொண்டு கரையும்: அமிலம் பட்டதும் கார்பனேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறுவதுதான் அந்த நுரை.

படி 7: மஞ்சள்

மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவையுங்கள். சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு பட்டால் செம்பழுப்பாகும், அதன்மேல் எலுமிச்சை பட்டால் மஞ்சள் திரும்பும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும், சாம்பார் கறை சோப்புப் பட்டதும் சிவப்பதும் மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறமி செய்யும் இதே வேலை. ஒரு குறை உண்டு: அமிலத்திலும் வெறும் தண்ணீரிலும் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். ஆகவே தாள் நிறம் மாறவில்லை என்றால் 'இது வலுவான காரமில்லை' என்பதுவரைதான் சொல்லலாம், 'இது அமிலம்' என்று சொல்ல முடியாது. அதற்குச் சங்குப்பூவிடம்தான் போகவேண்டும்.

சாறு மீதமிருந்தால் மோர், படிகாரக் கரைசல், விறகுச் சாம்பலை ஊறவைத்து வடித்த நீர் மூன்றையும் பாருங்கள். எது எந்தப் பக்கம் போகும் என்று முதலில் எழுதிவைத்துவிட்டு அப்புறம் சொட்டு விடுங்கள். சோதித்த எதையும் குடிக்காமல், நிறையத் தண்ணீர் விட்டுக் கொட்டிவிடுங்கள்.