முப்பத்திரண்டு பற்களும் பாரன்ஹைட்டும்

“குளிரில் 32 பற்களும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டதால், நீர் உறையும் வெப்பநிலைக்கு பாரன்ஹைட் 32 என்று வைத்தார்.”

கிளிநொச்சியில் விஞ்ஞானம் படிப்பிக்கும் எனக்குத் தவணைப் பரீட்சையில் வந்த விடை இது. வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் அந்தப் பிள்ளை ‘ஏன் 32?’ என்று யோசித்திருக்கிறாள். பலர் யோசிப்பதே இல்லை. பாரன்ஹைட்டின் பூச்சியம் நீருக்குரியதன்று. பனிக்கட்டி, நீர், நவச்சாரம் என்ற உப்பு மூன்றையும் கலந்தால் வரும் குளிர் அது. 1724இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் நீர் உறைவது 32, உடல் சூடு 96. இடையே 64 பிரிவுகள்; ஆறு தடவை பாதி பாதியாகப் பிரித்தால் அளவுகோடுகள் தயார்.

“காய்ச்சல் 100 பாகையைத் தாண்டினால் இரத்தம் கொதிக்கும்” என்று இன்னொருவன் எழுதியிருந்தான். வீட்டில் ‘101 காய்ச்சல்’ என்கிறார்கள், புத்தகத்திலோ நீர் 100இல் கொதிக்கிறது. பாவம், அவன் என்ன செய்வான்? எண்ணை எழுதினால் அலகையும் எழுதுங்கள். 101 பாகை பாரன்ஹைட் என்பது ஏறத்தாழ 38.3 பாகை செல்சியஸ்.

விடை திருத்துவோருக்கும் ஒரு வார்த்தை. “செல்சியஸ் கொதிநீருக்குப் பூச்சியம் கொடுத்தார்” என்று ஒரு பிள்ளை எழுதினால் வெட்டிவிடாதீர்கள். 1742இல் அவர் அப்படித்தான் வைத்தார், உறைநிலைக்குத்தான் 100. பின்னர் மற்றவர்கள் தலைகீழாக மாற்றினார்கள். ஆகக் குறைந்த வெப்பநிலையையே பூச்சியமாகக் கொண்ட கெல்வின் அலகுக்குப் பாகைக் குறி போட்டால் மட்டும் தயங்காமல் வெட்டுங்கள்.

ஆக அதிகம் காணும் தவறு வேறு. இங்கே 36 பாகை செல்சியஸ், நுவரெலியாவில் 18 என்றால், “இங்கே இரண்டு மடங்கு சூடு” என்று எழுதுகிறார்கள். செல்சியஸின் பூச்சியம் வெப்பமே இல்லாத இடமன்று. மடங்கு பார்ப்பதென்றால் கெல்வினில் பாருங்கள்: 309, 291. ஆறு வீதம்தான் கூட. வித்தியாசத்தை மாற்றும்போதும் 32ஐக் கூட்டாதீர்கள். 10 பாகை செல்சியஸ் ஏறினால் பாரன்ஹைட்டில் 18 ஏறும், 50 அன்று.

இவற்றைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. முல்லைத்தீவிலிருந்து வந்த மீன் வியாபாரியிடம் றெஜிபோம் பெட்டியில் ஐஸ் வாங்கி, உடைத்து, இரண்டு கைப்பிடி கறியுப்பைக் கலந்தோம். பற்களைப் பற்றி எழுதியவளே செல்சியஸ் வெப்பமானியைப் பிடித்தாள். சிவப்புக் கோடு பூச்சியத்தில் நிற்காமல் மெல்லக் கீழே இறங்கியது. “சேர், பூச்சியத்துக்குக் கீழே 9!” என்று கத்தினாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.